கோவேறு கழுதைப் பாதையில் ஒரு டாங்கி!

'கணவாய்' என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு மிளகு போட்டு வறுத்த மீன்தான் ஞாபகம் வரும். மீதிப் பேருக்குப் பள்ளிக்கூட சரித்திரப் புத்தகம். 'கைபர், போலன் கணவாய்களின் வழியாக அந்நியர்கள் இந்தியாவுக்குள் நுழைந்தார்கள்' என்று ஒரு வரி வரும். அதை மனப்பாடம் செய்து, இரண்டு மார்க் வாங்கி, அத்தோடு மறந்துவிட்டோம். அந்தக் கைபரும் போலனும் 1947-ல் அந்தப் பக்கம் போய்விட்டன. நம் பக்கம் தங்கிய ஒரு கணவாய், பாடப் புத்தகத்தில் அவ்வளவாக இடம் பிடிக்காதது, அடுத்த வருஷமே ஒரு முழுப் பிரதேசத்தை நம்மிடம் தக்கவைத்துக் கொடுத்தது. பெயர் ஜோஜிலா.

'ஜோஜிலா பாஸ்' என்று போர்டிலேயே எழுதுகிறார்கள். லடாக்கி மொழியில் 'லா' என்றாலே கணவாய். ஆகவே 'ஜோஜிலா பாஸ்' என்பது நம் ஊர் 'நடு சென்டர்' மாதிரி. இந்தக் கட்டுரையில் வெறும் ஜோஜிலாதான்.

எங்கே இருக்கிறது? ஸ்ரீநகரிலிருந்து லே போகும் நெடுஞ்சாலையில் சுமார் நூறாவது கிலோமீட்டரில். இந்தப் பக்கம் காஷ்மீர், அந்தப் பக்கம் லடாக். 2019 அக்டோபர் 31-லிருந்து இரண்டும் தனித்தனி யூனியன் பிரதேசங்கள். நடுவே ஜோஜிலாதான் வாசல்படி.

நானும் ஆபீஸ் நண்பர் ஒருவரும் ஜூன் மாதத்தில் போனோம். நண்பர் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன். எதைப் பார்த்தாலும் ரூபாயாக மாற்றிப் பார்க்கிற ஆசாமி. டால் ஏரியில் ஷிகாராவில் உட்கார்ந்துகொண்டு, "இதை மெயின்டெய்ன் பண்ண வருஷத்துக்கு என்ன செலவாகும்?" என்று கேட்டவர். ஏரியை ஏரியாகப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

ஸ்ரீநகரிலிருந்து எண்பது கிலோமீட்டர் வரை சொகுசு. வலது பக்கமும் இடது பக்கமும் மாறி மாறி சிந்து ஆறு கூடவே வருகிறது. அந்தப் பெரிய சிந்து நதி இல்லை; இது ஜீலத்தில் போய்ச் சேர்கிற சின்னத் தங்கை. சோனாமார்க்கில் புல்வெளி, பைன் மரம், குதிரை, குதிரைக்காரர், குதிரைக்காரரோடு பேரம் பேசும் குடும்பஸ்தர்கள். சினிமாப் பாட்டில் பார்த்த காஷ்மீர் இங்கேதான் முடிகிறது.

அதற்கப்புறம் பால்தால். அமர்நாத் போகிறவர்களுக்குத் தெரிந்த இடம். நம் ஊரிலிருந்து யாத்திரை போகிறவர்களும் இங்கே கூடாரத்தில் தங்கித்தான் மலையேறுகிறார்கள். அவர்கள் ஒரு பக்கம் குகையைப் பார்க்கப் போக, நாம் இன்னொரு பக்கம் செங்குத்தாக ஏறுகிறோம்.

ஏறுகிறோம் என்று சுலபமாக எழுதிவிட்டேன். மலையின் வயிற்றில் நகத்தால் கீறின மாதிரி ஒரு பாதை. அதில் பாதி சேறு, பாதி கல். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் காற்று. கீழே எட்டிப் பார்த்தால் பால்தால் கூடாரங்கள் கலர் மாத்திரை மாதிரி சிதறிக் கிடக்கின்றன. எதிரே ஒரு மிலிட்டரி லாரி வந்தால், யார் பின்வாங்குவது என்று இரண்டு டிரைவர்களும் கண்ணாலேயே பேசி முடிக்கிறார்கள். இதனால்தான் பல சமயம் இந்தப் பக்க வண்டிகளுக்கு ஒரு நேரம், அந்தப் பக்க வண்டிகளுக்கு ஒரு நேரம் என்று பிரித்து விடுகிறார்கள்.

எங்கள் டிரைவர் கார்கில்காரர். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் உலர்ந்த பாதாம்பருப்பு. "பாய், கொஞ்சம் ரோட்டைப் பாருங்க" என்றேன் எனக்குத் தெரிந்த இந்தியில்.

"இந்த ரோட்டை நான் பார்க்க வேண்டாம் சார். ரோடு என்னைப் பார்த்துக்கும்" என்றார்.

நண்பர் கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொல்ல ஆரம்பித்தார். ஒரு வரி விடாமல் சொன்னார் என்பது அவருக்கே ஆச்சரியம்.

* * *

இப்போது ஒரு சின்னப் புதிர். ஜோஜிலாவின் உயரம் 3,528 மீட்டர். ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதைவிடக் கிட்டத்தட்ட 900 மீட்டர் அதிகம். ஆனால் லடாக் கணக்கில் இது ஒன்றுமே இல்லை. இதே சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் ஃபோட்டுலா, 4,108 மீட்டர். லேயைத் தாண்டினால் கார்துங்லா, 5,359 மீட்டர். அவற்றோடு நிறுத்தினால் ஜோஜிலா கடைக்குட்டி. ஆனால் எந்த டிரைவரைக் கேட்டாலும், எந்த ஜவானைக் கேட்டாலும் பயப்படுவது இந்தக் கடைக்குட்டிக்குத்தான். ஏன்?

பதில் மேகத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும் மேகங்கள், காஷ்மீரைத் தாண்டி இந்தப் பெரிய இமயமலைச் சுவரில் முட்டுகின்றன. கொண்டுவந்த பனியை எல்லாம் இங்கேயே இறக்கிவிடுகின்றன. சுவரைத் தாண்டிப் போகிற மேகத்தின் பாக்கெட்டில் சில்லறைகூட மிச்சமில்லை. அதனால்தான் இந்தப் பக்கம் பைன் காடு, அந்தப் பக்கம் மொட்டைப் பாறை. கார்துங்லா உயரத்தில் இருந்தாலும் வறண்ட தேசத்துக் கணவாய். ஜோஜிலா குள்ளமாக இருந்தாலும் மொத்தப் பனியும் அதன் தலையில்.

பனி விழுவதோடு விடுவதில்லை, சரிகிறது. கணவாய் ஓரத்தில் ஒரு ஓடைக்கு 'ஷைத்தான் நாலா' என்று பெயர். சைத்தான் ஓடை. பெயர் வைத்தவர் அநாவசியமாக வைக்கவில்லை. பனிச்சரிவு வந்தால் சாலை, வண்டி, ஆள் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போகிற இடம். அந்தக் காலத்தில் பனி நேரத்தில் இதைத் தாண்ட வேண்டியவர்கள் ராத்திரியில் நடந்தார்கள். பகலில் வெயில் பட்டால் பனி இளகும்; இளகினால் சரியும். விடிவதற்கு முன், பனி கெட்டியாக இருக்கும்போதே தாண்டிவிட வேண்டும். சூரியனுக்குப் பயந்து இருட்டில் நடந்த பாதை இது.

* * *

இத்தனை ஆபத்தான இடத்தில் மனுஷன் ஏன் போனான்? வழக்கமான காரணங்கள்தான். பணம், படை, பக்தி.

பணம் என்றால் பஷ்மினா. காஷ்மீர் சால்வை என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கிய சமாசாரத்தின் ரோமம் காஷ்மீர் ஆட்டுடையது அல்ல. லடாக்குக்கும் மேற்குத் திபெத்துக்கும் இடைப்பட்ட சாங்தாங் மேட்டு நிலத்து ஆடுகளுடையது. அந்தக் குளிருக்கு ஈடுகொடுக்க ஆடு வளர்த்துக்கொள்ளும் உள்ரோமம்தான் பஷ்மினா. அது லே வந்து, அங்கிருந்து குதிரையிலும் கூலி முதுகிலும் ஜோஜிலா தாண்டி ஸ்ரீநகர் நெசவாளியிடம் போகும். 1684-ல் லடாக்குக்கும் திபெத்துக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையில் இந்த ரோம வியாபாரம் காஷ்மீருக்கே என்று எழுதி வைத்தார்கள். ஐரோப்பியச் சீமாட்டிகள் தோளில் போட்டுக்கொண்ட சால்வைக்கு இந்தக் கணவாய் ஒரு டோல்கேட்.

கார்கிலில் முன்ஷி அஜீஸ் பட் மியூசியம் என்று ஒன்று இருக்கிறது. வியாபாரிகள் தங்கிய பழைய சத்திரத்தில் கிடைத்த சாமான்களை வைத்து அந்தக் குடும்பத்தாரே நடத்துகிறார்கள். மத்திய ஆசியாவிலிருந்து வந்ததும், கீழே சமவெளியிலிருந்து போனதும் ஒரே கூரையின் கீழ். இன்றைக்குக் கடைசி ஊர் மாதிரித் தெரிகிற கார்கில் ஒரு காலத்தில் நாலு ரோடு ஜங்ஷன்.

படை என்றால் மிர்ஸா ஹைதர். பாபரின் சித்தி மகன். 1532-33 குளிர்காலத்தில் காஷ்கர் சுல்தானுக்காக லடாக் பக்கமிருந்து ஜோஜிலா வழியாகக் காஷ்மீருக்குள் இறங்கினார். பனிக்காலத்தில் இந்த வழியாக எவன் வரப்போகிறான் என்று காஷ்மீர்க்காரர்கள் நினைத்திருக்க வேண்டும். வந்தார். பிற்பாடு அவரே சரித்திரமும் எழுதினார். படையெடுத்தவரே புத்தகமும் எழுதிவிட்டால் மறுப்புரை எழுத ஆள் கிடைக்காது!

பக்தி என்றால் இப்போலிட்டோ தெசிதேரி. இத்தாலியப் பாதிரியார். 1715 மே மாதம் ஸ்ரீநகரிலிருந்து நடையாகக் கிளம்பி, ஜோஜிலா தாண்டி, ஜூன் கடைசியில் லே சேர்ந்தார். அங்கே நிற்கவில்லை. அடுத்த வருஷம் மார்ச்சில் லாசா. நாம் ஏ.சி. கோச்சில் கீழ் பெர்த் கிடைக்கவில்லை என்று டி.டி.ஆரிடம் சண்டை போடுகிறோம்.

* * *

இனி நிஜமான கதை. 1948.

1947 அக்டோபரில் பாகிஸ்தான் பக்கத்திலிருந்து பதான் பழங்குடிப் படைகள் காஷ்மீருக்குள் புகுந்ததும், மகாராஜா இந்தியாவோடு இணைய ஒப்பந்தம் போட்டதும், 27-ம் தேதி நம் படை விமானத்தில் ஸ்ரீநகரில் இறங்கியதும் தெரிந்த கதை. அதே சமயத்தில் வடக்கே நடந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. நவம்பர் தொடக்கத்தில் கில்கிட் கையை விட்டுப் போனது. அங்கிருந்து கிளம்பிய படை ஸ்கர்டுவை முற்றுகையிட்டது. 1948 மே மாதம் கார்கில் விழுந்தது. ஜூனில் திராஸ். கோடை முடிவதற்குள் ஜோஜிலாவும் அவர்கள் கையில்.

மேப்பை ஒரு நிமிஷம் மனசில் கொண்டுவாருங்கள். லேயில் நம் ஆட்கள் ஒரு கைப்பிடி. மார்ச் மாதமே மேஜர் பிரிதி சந்த் என்பவர் சுமார் 40 பேரோடு பனியில் ஜோஜிலாவைத் தாண்டி லே போய்ச் சேர்ந்திருந்தார். கூடவே சோனம் நோர்பு என்ற லடாக்கி இன்ஜினியர். அவர் லேயில் அவசர அவசரமாக ஒரு விமான ஓடுதளம் போட்டார். மே 24-ம் தேதி ஏர் கமோடர் மெஹர் சிங் அதில் டகோட்டா விமானத்தைக் கொண்டுபோய் இறக்கினார். பக்கத்தில் உட்கார்ந்து போனவர் மேஜர் ஜெனரல் திம்மய்யா. அந்தப் பகுதிப் படைகளின் தலைவர். குடகுக்காரர்.

விமானத்தில் எத்தனை மூட்டை அரிசி, எத்தனை பெட்டித் தோட்டா கொண்டுபோக முடியும்? சாலை வேண்டும். மணாலி வழி ஒன்று உண்டு. பல பெரிய கணவாய்களைத் தாண்டும் நீண்ட நடைபாதை. ஆகவே ஜோஜிலாதான் கதவு. கதவுக்குப் பூட்டுப் போட்டு எதிரி உள்ளே உட்கார்ந்திருக்கிறான். நவம்பரில் பனி வந்துவிட்டால், அந்தப் பூட்டின் மேல் இன்னொரு பூட்டு. ஆறு மாசத்துக்குத் திறக்காது. அதுவரை லே தாங்குமா என்பதுதான் கேள்வி.

செப்டம்பரில் 77-வது பாரா பிரிகேடை அனுப்பி நேரே தாக்கினார்கள். 'ஆபரேஷன் டக்' என்று பெயர். வாத்து! கணவாயின் இரண்டு பக்கத்துப் பாறைப் பொந்துகளிலும் எதிரியின் மெஷின் கன். நடுவே குறுகலான வழி. வருகிறவனை உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணி எண்ணிச் சுடலாம். ஜவான்கள் முயன்றார்கள், செத்தார்கள், திரும்பினார்கள். மலையில் ஒளிந்திருப்பவனை அடிக்க வெறும் துப்பாக்கி போதாது. குண்டு துளைக்காத ஏதோ ஒன்று நேரே அவன் பொந்து வாசலுக்குப் போய் நிற்க வேண்டும்.

அதாவது, டாங்கி.

இதைச் சொன்னபோது யாராவது சிரித்திருந்தால் தப்பில்லை. டாங்கி என்பது பாலைவனத்திலும் சமவெளியிலும் ஓடுகிற சமாசாரம். பதினோராயிரம் அடிக்கு மேல், பிராண வாயு குறைந்த இடத்தில், மனுஷனுக்கே மூச்சு வாங்கும், எஞ்சினுக்கு வாங்காதா? அதைவிடப் பெரிய சங்கடம், டாங்கி போகப் பாதையே இல்லை. பால்தாலிலிருந்து மேலே இருந்தது கோவேறு கழுதை போகிற தடம். எதிரே இன்னொரு கழுதை வந்தால் இரண்டில் ஒன்று சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலம்.

திம்மய்யா பிடிவாதமாக நின்றார். மேற்குப் படைத்தலைவர் கரியப்பா சம்மதித்தார். அவரும் குடகு. ஏழாவது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள் ஜம்மு பக்கமிருந்து கிளம்பின. தலைவர் லெப்டினன்ட் கர்னல் ரஜிந்தர் சிங். பட்டாளத்தில் செல்லப் பெயர் 'ஸ்பாரோ'. டாங்கிப் படைக்குச் சிட்டுக்குருவி தலைவர்!

கிளம்பின என்றால் ஜம்மென்று ஊர்வலமாக இல்லை. டாங்கி வருகிறது என்று ஒரு ஆளுக்குத் தெரிந்தாலும் திட்டம் பாழ். மேலே இருக்கிற பீரங்கிக் கூண்டைக் கழற்றித் தனியே ஏற்றினார்கள். உடம்பைத் துணியால் மூடினார்கள். ராத்திரியில் நகர்ந்தார்கள். ஸ்ரீநகரைத் தாண்டும்போது ஊரடங்கு. வழியில் பாலங்கள் அத்தனை டன் எடையைத் தாங்காது. சில இடங்களில் வடம் கட்டி இழுத்துக் கடத்தினார்கள். கல்யாண வீட்டுக்குச் சொல்லாமல் யானையைக் கூட்டிப்போன கதைதான்.

சரி, பாதை? அதைப் போட்டவர்கள் யார் தெரியுமா?

மதராஸ் சாப்பர்ஸ்.

அதாவது மதராஸ் இன்ஜினியர் குரூப். 1780-ல் தொடங்கிய பழைய படைப்பிரிவு. தலைமையிடம் பெங்களூர். ஆட்கள் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசுகிற நம் தெற்கத்திக்காரர்கள். பட்டாளத்தில் மற்ற பிரிவுக்காரர்கள் இவர்களைக் கூப்பிடுகிற செல்லப் பெயரே 'தம்பி'. இந்திக்காரரும் 'தம்பி'தான், பஞ்சாபிக்காரரும் 'தம்பி'தான் என்று கூப்பிடுவார்.

மேஜர் தங்கராஜு தலைமையில் இரண்டு ஃபீல்ட் கம்பெனிகள். பனியை டி.வி.யில்கூடப் பார்க்க வழியில்லாத காலம் அது. பெரும்பாலோர் பிறந்து வளர்ந்த ஊரில் மார்கழிப் பனிக்கே மப்ளர். அவர்களைக் கொண்டுபோய் இமயமலைச் சரிவில் நிறுத்தி, கழுதைத் தடத்தை அகலமாக்கு, டாங்கி ஏற வேண்டும், எதிரி மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான், சீக்கிரம் என்றார்கள்.

பாறையை உடைத்தார்கள். ஓரம் சரிந்த இடத்தில் கல் அடுக்கினார்கள். வளைவுகளை அகலப்படுத்தினார்கள். எதிரியின் குண்டுக்கு எட்டும் தூரத்தில் இருட்டில் வேலை. துப்பாக்கி வைத்திருப்பவனாவது திருப்பிச் சுடலாம். கையில் கடப்பாரை இருப்பவன் குனிந்து வேலை பார்க்க வேண்டும். அக்டோபரில் பாதை ரெடி. பனியும் ரெடி. அக்டோபர் 20 வாக்கில் நடக்க வேண்டிய தாக்குதல் வானிலையால் தள்ளிப் போனது. ஒவ்வொரு நாளும் கதவு தானாகவே மூடிக்கொண்டிருந்தது. ஆபரேஷனுக்கும் பெயர் மாறியது. வாத்து போய், 'பைசன்'. காட்டெருமை.

நவம்பர் 1, 1948. டாங்கிகள் ஏறின. முன்னால் போன டாங்கியில் திம்மய்யாவே உட்கார்ந்திருந்தார் என்பது பட்டாள சரித்திரம் பெருமையாகச் சொல்லும் விஷயம். மேஜர் ஜெனரல்கள் மேப் மேஜைக்குப் பின்னால் இருப்பதுதான் வழக்கம்.

பொந்துக்குள் இருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? அவர்கள் கணக்கில் சிப்பாய் உண்டு, குதிரை உண்டு, கழுதை உண்டு. பனி மேகத்துக்குள்ளிருந்து இரும்பு உறுமிக்கொண்டு வரும் என்பது கணக்கிலேயே இல்லை. 37 மில்லிமீட்டர் பீரங்கி ஒவ்வொரு பொந்தாகப் பார்த்துப் பேசியது. டாங்கிக்குப் பின்னால் காலாட்படை. செப்டம்பரில் உயிரைக் கொடுத்தும் நகராத கணவாய் அன்றைக்கு ஒரே நாளில் திறந்தது. உலகத்தில் அதுவரை அத்தனை உயரத்தில் டாங்கிச் சண்டை நடந்ததில்லை என்கிறார்கள்.

அப்புறம் மட்டாயன், நவம்பர் மத்தியில் திராஸ், 24-ம் தேதி கார்கில். அங்கே லே பக்கமிருந்து முன்னேறி வந்த நம் படையோடு கைகுலுக்கினார்கள். குளிருக்கேற்ற உடுப்பு போதாமல் பனிக்கடியில் அவதிப்பட்டவர்கள் பலர். 1949 ஜனவரி 1-ல் போர் நிறுத்தம். யார் எங்கே நின்றார்களோ அங்கே கோடு. ஜோஜிலா திறக்காமல் அந்தத் தேதி வந்திருந்தால் அந்தக் கோடு எங்கே விழுந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஸ்கர்டு திரும்பவில்லை. லெப்டினன்ட் கர்னல் ஷேர் ஜங் தாப்பா அங்கே ஆறு மாசம் முற்றுகையைத் தாங்கி, தோட்டாவும் சாப்பாடும் தீர்ந்து, ஆகஸ்ட் 14-ல் கைவிட வேண்டியதாயிற்று. அவருக்கு உதவி போய்ச் சேரவில்லை. ஒரு கதவு திறந்ததற்கும் திறக்காததற்கும் உள்ள வித்தியாசம் லேயும் ஸ்கர்டுவும்.

ரஜிந்தர் சிங்குக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. 1965 போரில் இன்னொன்றும் வாங்கினார். திம்மய்யா 1957-ல் ராணுவத் தலைமைத் தளபதியானார். டாங்கி பள்ளிக்கூட வினாடி வினாவில் கேள்வியாயிற்று. பாதை போட்ட தம்பிகளுக்குப் பெரும்பாலான புத்தகங்களில் ஒரு வரி. சில புத்தகங்களில் அரை வரி. 'பாதை அகலப்படுத்தப்பட்டது.' யாரால்? செயப்பாட்டு வினையில் ஆள் காணாமல் போய்விடுகிறான்.

* * *

கணவாய்க்கு மேலே ஏறினதும் 'ஜீரோ பாயின்ட்'. ஜூனிலும் சாலையோரம் அழுக்குப் பனி. அதில் மரப்பலகை வைத்துச் சறுக்க விடுகிறார்கள். மேகி நூடுல்ஸ் ஆவி பறக்கிறது. பம்பாய்க் குடும்பம் ஒன்று பனியை அள்ளி ஒருவர் மேல் ஒருவர் வீசிக்கொண்டு, "ஸோ க்யூட்" என்றது. நண்பர் சறுக்குப் பலகைக்காரரின் ஒரு நாள் வருமானத்தைக் கணக்குப் போட்டுவிட்டு, "நம்மளைவிட ஜாஸ்திடா" என்று பெருமூச்சு விட்டார்.

கொஞ்சம் தள்ளி சாலையோரம் ஜோஜிலா போர் நினைவிடம். வண்டிகள் பெரும்பாலும் நிற்பதில்லை. மேகி கடையில் நிற்கின்றன. நாங்கள் நின்றோம். காற்று சட்டைக்குள் புகுந்து விலாவை எண்ணியது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. ஜூன் மாதப் பகலில்! அக்டோபர் ராத்திரியில் கடப்பாரையோடு நின்றவர்களை நினைத்துக்கொண்டு வண்டியில் ஏறினோம். நண்பர் அன்றைக்கு மட்டும் எதையும் கணக்குப் போடவில்லை.

அடுத்து திராஸ். 'உலகில் மனிதர் வசிக்கும் இரண்டாவது குளிரான இடம்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். ஊருக்கு நேர் மேலே தோலோலிங் சிகரம். அங்கே நின்றால் சாலையில் போகிற லாரியை எண்ணலாம் போலிருக்கிறது. 1999 கார்கில் போரின் சூட்சுமம் இங்கே நின்றால்தான் புரிகிறது. குளிர்காலத்தில் காலியாக இருந்த சிகரங்களில் பாகிஸ்தான் படை ஏறி உட்கார்ந்தது, கீழே இருக்கிற இந்தச் சாலைக்காகத்தான். ஜோஜிலாவைத் தாண்டி வருகிற அதே சாலை. 1948-ல் கதவைப் பூட்டினார்கள்; 1999-ல் நடையை மறிக்கப் பார்த்தார்கள். தோலோலிங் ஜூன் 13-ல் மீட்கப்பட்டது. அதற்கு முன்பே மே 29-ல் படாலிக் பகுதியில் திருச்சிக்காரர் மேஜர் சரவணன் உயிரைக் கொடுத்திருந்தார். அவர் உடலை மீட்க ஜூலை ஆயிற்று.

"சண்டை எப்பவோ ஒரு தடவை சார். பனி வருஷா வருஷம் வரும்" என்றார் எங்கள் டிரைவர்.

அவர் சொன்னது முழு உண்மை. முன்பெல்லாம் நவம்பர், டிசம்பரில் ஜோஜிலா மூடினால் மே மாதம் வரை திறக்காது. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் அதற்குள் வாங்கிச் சேர்த்துவிட வேண்டும். ராணுவத்துக்கும் அதே அவசரம். குளிர்கால ஸ்டாக் முழுவதும் பனிக்கு முன்னாலேயே ஏற வேண்டும். குளிர்காலத்தில் கார்கிலில் யாருக்காவது பிரசவச் சிக்கல் வந்தால், ஹார்ட் அட்டாக் வந்தால், விமானப்படையின் ஏ.என்.32 விமானம்தான் நம்பிக்கை. 'கார்கில் கூரியர்' என்று பெயர். வானம் தெளிந்தால் வரும். தெளியாவிட்டால் வராது.

இப்போது நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. எல்லைச் சாலை நிறுவனத்தார் பனி வெட்டும் மெஷின்களும் புல்டோசர்களும் வைத்துக்கொண்டு போடும் சண்டையின் ஸ்கோர் இது: 2021-ல் கணவாய் மூடியிருந்தது 110 நாள். 2022-ல் 73. 2023-ல் 68. 2024-ல் 35. 2025-ல் 32. எந்த டெஸ்ட் மேட்சுக்கும் குறையாத ஸ்கோர்கார்டு. ஆனால் தூர்தர்ஷனில் நேரடி ஒளிபரப்பு கிடையாது.

கடைசி ஓவர் மலைக்கு அடியில் நடக்கிறது. சோனாமார்க் பக்கம் 6.5 கிலோமீட்டர் சுரங்கப்பாதை 2025 ஜனவரி 13-ல் திறந்தாயிற்று. ஜோஜிலாவுக்கே அடியில் 13 கிலோமீட்டருக்கு மேல் இன்னொரு சுரங்கம். 2020 அக்டோபரில் வேலை தொடங்கியது, 2028-ஐ இலக்காக வைத்திருக்கிறார்கள். செலவு ஆறாயிரம் கோடிக்கு மேல். முடிந்தால் எல்லாக் காலத்திலும் கணவாயை இருபது நிமிஷத்தில் தாண்டிவிடலாமாம். இதற்கும் விலை ரூபாயில் மட்டும் இல்லை. 2024 அக்டோபர் 20-ல் ககன்கீரில் சோனாமார்க் சுரங்கத் தொழிலாளர் முகாமில் துப்பாக்கிக்காரர்கள் புகுந்து சுட்டதில் ஒரு டாக்டரும் ஆறு ஊழியர்களும் செத்துப்போனார்கள். ஏதோ ஒரு ஊரிலிருந்து பிழைப்புக்கு வந்து பாதை போட்டவர்கள்.

* * *

போக நினைப்பவர்களுக்கு நாலு வார்த்தை.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை உத்தமம். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். போக்குவரத்து நேரத்தை முந்தின நாளே சோனாமார்க்கில் விசாரித்துக்கொள்ளுங்கள். முந்தின ராத்திரி சோனாமார்க்கில் தங்கினால் உயரத்துக்கு உடம்பு பழகும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். 'எனக்குக் குளிராது' என்று சவால் விட்டு அரைக்கை சட்டையோடு போகாதீர்கள்; திராஸ் காற்றுக்கு சவால் பிடிக்காது. டிரைவரிடம் வேகமாகப் போகச் சொல்லாதீர்கள். ஜோஜிலாவில் அவர்தான் ஹெட் ஆபீஸ்.

சுரங்கம் திறந்தபின் போகிறவர்கள் இதையெல்லாம் மறந்துவிடலாம். இந்தப் பக்கம் நுழைந்து, பாட்டுக் கேட்டு முடிவதற்குள் அந்தப் பக்கம் வெளியே வந்துவிடுவார்கள். தலைக்கு மேலே ஒரு கணவாய் இருந்தது என்றே தெரியாது. கார்கில் பிரசவங்களுக்கு அது ரொம்ப நல்லது. கட்டாயம் சீக்கிரம் திறக்கட்டும். ஆனாலும் முடிந்தால் ஒரு முறை மேல் வழியாகவே போய் வாருங்கள். அந்தக் கோணல்மாணல் ஏற்றத்தில் வண்டி திணறும்போது, "என்னய்யா ரோடு இது!" என்று வாயில் வரும். வரட்டும். அதில் முதல் கல்லைப் புரட்டி அகலப்படுத்தியவன் நம்ம ஊர்த் தம்பி. திட்டினால் கோபித்துக்கொள்ள மாட்டான்.